பொம்மை அளவில் ஒரு கவுன்

எங்கள் அண்ணியை வேலை செய்கிற இடத்தில் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் வைத்த பெயரோ, கச்சிதமாக வைத்திருக்கிறார்கள். அவள் ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு கையில் தட்டு இருக்கும். மறு கை வாய்க்குப் போகிற வழியில் ஜன்னல் திரையை இழுத்துவிடும், குழாயை இறுக்கி மூடும், மகளின் தலையில் ஒரு குட்டு வைக்கும். பேருந்தில் இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டுதான் வருவாள். "அண்ணி, கொஞ்ச நேரம் உட்காருங்களேன், பார்க்கிற எனக்கே கால் கடுக்குது" என்றால், "உட்கார்ந்தா வேலை தானா நடந்துடுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அந்த அறையில் ஒரு வேலையும் இருக்காது. போய்விட்டுச் சும்மா திரும்பி வருவாள்.

நான் அவள் புருஷனின் தங்கை. செருப்புக் கடையில் விற்பனைப் பெண். கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது சரிப்பட்டு வராமல், அண்ணன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரைக்குக் கீழே எப்படி என்று தெரிந்தவர்கள் எல்லாம் உச்சுக்கொட்டினார்கள். சண்டை போடுவதற்கு அண்ணி ஓரிடத்தில் நின்றால்தானே?

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட்டிவிடுகிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் படுத்துக் கிடக்கிறது. மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கித்தான் எங்களுடைய இரண்டு அறைக்கு வரவேண்டும். அவர் வாய் திறப்பது அபூர்வம். ஊமைக்கோட்டான் என்று நான்தான் சின்ன வயதில் பெயர் வைத்தேன், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவர்களுக்கு ஒரே மகள், மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எங்களுக்கு அவள் வாலு. கண் அப்பாவைப் போல, துறுதுறுப்பு அம்மாவைப் போல. வாய் மட்டும் என்னைப் போல என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை.

அண்ணி செய்கிற வேலையைச் சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். பொம்மைகளுக்குத் துணி தைக்கிறாள். கடையில் கண்ணாடித்தாள் ஒட்டிய பெட்டிக்குள் நிற்குமே, நீள முடி, நீளக் கால், ஒரு கைக்குள் அடங்குகிற இடுப்பு, அந்த வகைப் பொம்மை. அதற்கு வேண்டிய கவுன், கோட்டு, குளியல் உடை என்று எல்லாம் தைக்கிற பட்டறையில் அண்ணி சாம்பிள் டெய்லர். புது மாடல் வந்தால் முதல் உருப்படியை வெட்டித் தைத்துக் காட்டுவது அவள் வேலை. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தைப்பார்கள். ஒரு சட்டைக்கை அவளுடைய சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு இருக்கும். தைத்து முடித்ததும் அதைக் குச்சியால் குத்திப் புரட்டி வெளிப்பக்கம் கொண்டுவரவேண்டும். வீட்டில் கால் தரையில் பாவாதவள் அந்த மெஷினுக்கு முன்னால் மட்டும் உட்காருவாள். அங்கேயும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று பக்கத்து மெஷின்காரி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வாலுவிடம் அப்படி ஒரு பொம்மை இருந்தது. பட்டறையில் துணியை மாட்டி மாட்டிக் கழற்றியதில் ஒரு கை கழன்றுபோய், ஒதுக்கிப் போட்ட பொம்மை. அண்ணி பசை வைத்து ஒட்டி எடுத்து வந்திருந்தாள். எனக்கு அதைப் பார்த்தாலே ஆகாது. செருப்புக் கடைக்காரிக்குக் கண் முதலில் காலுக்குத்தானே போகும்? அந்தப் பொம்மைக்குக் குதிகால் தரையில் படாது. எந்த நேரமும் நுனிக்கால்தான். சுவரில் சாய்த்து வைக்காவிட்டால் தொப்பென்று விழும். எங்கள் கடைக்கு வருகிற அம்மாக்கள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிள்ளைக்கே குதி உயர்ந்த செருப்புக் கேட்கிறார்கள். போட்டுக்கொண்ட பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஒரு பக்கமாகத் திரும்பி, தன்னை மேலும் கீழும் பார்க்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இதைப் பார்த்து வளர்ற பிள்ளை என்னத்தைக் கத்துக்கும் அண்ணி? சொந்தக் கால்ல நிக்கக்கூடத் தெரியாத பொம்மை."

"கரடிப் பொம்மை வச்சு விளையாடினா பிள்ளை கரடியாவா ஆயிடும்?" என்பாள் அண்ணி, துணி மடித்துக்கொண்டே.

"கரடியோட இடுப்பைப் பார்த்து யாரும் ஏங்கறதில்லை."

"அந்த இடுப்பு ஏன் அப்படி இருக்குன்னு தெரியுமா உனக்கு? பொம்மை சின்னதாயிடும். துணி மெலிசாயிடுமா? நூல் மெலிசாயிடுமா? மேல் துணி, கீழ்த் துணி, மடிப்பு, உள்தையல், அத்தனையும் இடுப்புலதான் வந்து கூடுது. இடுப்பு ஒல்லியா இருந்தாத்தான் துணி போட்டப்புறம் மனுஷி மாதிரி தெரியும். இல்லாட்டி பீப்பாய்க்குப் பாவாடை கட்டின மாதிரி இருக்கும்."

"நல்ல விளக்கம். அதை அந்தப் பிள்ளைங்ககிட்ட யாரு போய்ச் சொல்றது?"

"நீதான் சொல்லேன். வாய்தான் இருக்கே உனக்கு."

இப்படியே போகும் எங்கள் வழக்கு. தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஊமைக்கோட்டான் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பார். வாலு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்போதுதான் பட்டறை முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. பொம்மைக்கு ஒரு கவுன், அதே துணியில் அதே வெட்டில் பொம்மையை வைத்திருக்கிற சிறுமிக்கும் ஒரு கவுன். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு விற்கலாம். முதலாளிக்கு யோசனை வந்தால் அது மறுநாளே கண்ணுக்குத் தெரிய வேண்டும். "சாம்பிள் நாளைக்கே வேணும்மா" என்றார் அண்ணியிடம். பெட்டி மேல் போட ஒரு சிறுமியின் படம் வேண்டுமே என்று பேச்சு வந்தபோது, "உங்க பொண்ணையே கூட்டிட்டு வாங்களேன்" என்றார்.

வாலுவுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி மேல் அவள் படம்! கடைகடையாக அவள் படம்! பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். மாடிப்படியில் ஏறுகிறவர்களை நிறுத்திச் சொன்னாள். இறங்குகிறவர்களைத் துரத்திப் போய்ச் சொன்னாள்.

அண்ணி மனுஷர்களுக்குத் தைத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. பொம்மைக்குத் தைக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும், உடம்பை அளக்கவே மாட்டார்கள். எதற்கு அளக்க வேண்டும்? ஒரே அச்சில் வார்த்த உடம்பு. நேற்று வந்த பொம்மையும் நாளைக்கு வரப்போகிற பொம்மையும் ஒன்றுதான். மாடலுக்கு மாடல் உயரம் மட்டும் மாறும். அந்த உயரத்தைக் கேட்டுக்கொண்டு காகித வெட்டைப் பெரிதாக்குவார்கள், இல்லாவிட்டால் சிறிதாக்குவார்கள். அண்ணி அதையேதான் செய்தாள். சீருடை வாங்கப் போனபோது கடையில் வாலுவைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்த உயரம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பொம்மையின் உயரத்துக்கு அது எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு எல்லாக் கோடுகளையும் நீட்டினாள். தோள், மார்பு, இடுப்பு எல்லாம் ஒரே மடங்கு. வெட்டினாள், தைத்தாள், இஸ்திரி போட்டாள். இது என் மகளின் இடுப்புதானா என்று ஒரு தடவை விரித்துப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை என்று பின்னால் அவளிடம் கேட்டேன்.

"பார்த்தேனே. அழகா இருந்துச்சு" என்றாள்.

சாயங்காலம் வெளிர்ப்பச்சைக் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறி வந்தாள். வாலு சீருடையைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்துவிட்டு ஓடி வந்தாள். தலை நுழைந்தது, தோள் பொருந்தியது. மார்புப் பக்கம் மட்டும் தொளதொளவென்று தொங்கியது. இடுப்புக்கு வந்ததும் கவுன் நின்றுவிட்டது. பின்பக்கம் ஜிப்பின் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு முதுகு தெரிந்தது.

பதற்றம் வந்தால் அண்ணிக்குக் கை வேகமாகும். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மண்டிபோட்டு இழுத்தாள். "மூச்சை உள்ள இழு. இன்னும் இழு. வயித்தை எக்கு." வாலு எக்கினாள். விலா எலும்பு தெரிகிற வரைக்கும் எக்கினாள். ஜிப் கொஞ்ச தூரம் ஏறி, முனகி, பல் கழன்று நின்றது.

"என்னடி இது" என்றாள் அண்ணி குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து. "அளவெல்லாம் சரியாத்தானே வெட்டினேன்? கவுன் சரியாத்தான் இருக்கு. நீதான் பெருசா இருக்கே."

சொன்னதே அவளுக்குத் தெரியாது. கண் ஜிப்பில் இருந்தது, வாய் அதன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. ரொட்டி வாட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் நின்ற எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டில் ஒரு நாளைக்கு இப்படி எத்தனை பேச்சு காற்றோடு போகிறது? மறுநாள் பட்டறைக்கு வேறு அவசர வேலை வந்துவிட்டது. "அதைச் சரி பண்ணி வைங்க, படம் அப்புறம் எடுத்துக்கலாம்" என்று முதலாளி சொல்லிவிட்டார். கவுன் அலமாரிக்குள் போனது. அண்ணி அதை மறந்தே போனாள்.

வாலு மறக்கவில்லை. காலையில் ரொட்டியின் ஓரத்தைக் கடித்துவிட்டு "வயிறு நிறைஞ்சுடுச்சு" என்பாள். பாலெல்லாம் தொட்டிச் செடிக்குப் போனது பின்னால்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா மட்டும் துடைத்து வைத்த மாதிரி காலியாக வந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். யாருக்குத் தானம் செய்தாளோ! அண்ணி நடந்துகொண்டே சாப்பிடுகிறவள், அடுத்தவர் தட்டில் என்ன மிச்சம் என்று பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? முதலில் கவனித்தது அண்ணன்தான். கை கழுவப் போனவர் பாதியில் நின்று, "பிள்ளை சாப்பிடறதில்லை" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

"வெயிலுக்குப் பசி எடுக்காதுங்க" என்றபடி அண்ணி தட்டுகளை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு விடுமுறை நாளில் நான் வாலுவைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனேன். சட்டையைக் கழற்றமாட்டேன் என்று ஒரே அடம். "என்னடி புதுசா வெட்கம்?" என்று நானே கழற்றினேன். இடுப்பைச் சுற்றி ரிப்பன். பட்டறையில் மிஞ்சுகிற பளபளப்பான ரிப்பன், தலை பின்னிவிட அண்ணி எடுத்து வருவது. சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தாள். அவிழ்த்தால் தோலில் சிவப்புச் சிவப்பாக வரி விழுந்திருந்தது.

"யாருடி இப்படிக் கட்டச் சொன்னது?"

"யாரும் சொல்லல. இறுக்கிக் கட்டினா சின்னதாயிடும்."

"எது?"

"நான்தான்" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரிப்பனைப் பிடுங்கிக் குப்பையில் எறிந்தாள். பிள்ளையின் முதுகில் ஓர் அடி வைத்தாள். உடனே கட்டிக்கொண்டு அழுதாள். உடனே எழுந்து பால் காய்ச்சப் போனாள். எல்லாம் கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. வாலு பாலை முழுசாகக் குடித்தாள். அப்பாடா என்று இருந்தது எங்களுக்கு. மறுநாள் பார்த்தால் இடுப்பில் வேறொரு ரிப்பன். பிடுங்கினோம். அதற்கடுத்த நாள் இன்னொன்று. எனக்கு வேலையே ஓடவில்லை. கடையில் ஒருவருக்கு இரண்டு இடது கால் செருப்பைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். ஒரு பிடி பிள்ளை, அது தன்னையே கட்டிப்போட்டுச் சின்னதாக்கப் பார்க்கிறது, எங்கள் மூன்று பேருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த வாரமே வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "டீச்சருங்க முன்னாடி எனக்கு நாக்கு ஒட்டிக்கும், நீயும் வா" என்று அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளைகள் உட்காருகிற குட்டி பெஞ்சில் எங்களை உட்காரச் சொன்னார் டீச்சர். நான் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தேன். அண்ணி வழக்கம்போல நின்றாள். டீச்சர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் டேப்பை எடுத்து வைத்தார். அண்ணி வீடெல்லாம் தேடிக்கொண்டிருந்த அவளுடைய அளவு டேப்.

"சாப்பாட்டு நேரத்துல உங்க பொண்ணு மத்தப் பிள்ளைங்களை வரிசையா நிக்க வச்சு அளக்கறா" என்றார். "இது அளவு, இது அளவு இல்லைன்னு சொல்லித் தனித்தனியா உட்கார வைக்கிறா. அளவு இல்லாத பிள்ளைங்க சாப்பாட்டை மூடி வச்சுடறாங்க. நேத்து ஒரு பிள்ளை அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிருக்கு. எல்லாம் இந்தப் பொம்மைங்க பண்ற வேலை. இனிமே யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வரக்கூடாதுன்னு சொல்லப் போறேன். வீட்டுலயும் குடுக்காதீங்க. நீங்களே அந்தத் தொழில்தான்னு கேள்விப்பட்டேன், இருந்தாலும் சொல்றேன்."

நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னவளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பொம்மை வாயைத் திறந்து பேசுச்சா டீச்சர்?" என்றாள் அண்ணி. கரும்பலகைக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். பலகையடியில் கிடந்த சாக்பீஸ்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். "அது வெறும் பிளாஸ்டிக்கு. தூக்கிப் போட்டா விழும், சாய்ச்சு வச்சா நிக்கும். அது பிள்ளையைக் கெடுக்குதுன்னா என்ன அர்த்தம்? நாங்க கண்ணு நோகத் தைக்கிறது பிள்ளைங்களைக் கெடுக்கவா?"

"உங்க தொழிலைக் குறை சொல்லலைங்க. அப்போ இவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

டீச்சர் வெளியே நின்ற வாலுவை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். நல்லபடியாகத்தான் கேட்டார். "பயப்படாம சொல்லும்மா. இடுப்பு இப்படித்தான் இருக்கணும்னு உனக்கு யார் சொன்னது? பொம்மையைப் பார்த்து நீயே நினைச்சுக்கிட்டியா?"

வாலு எங்களைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "பொம்மை ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அண்ணி ஜெயித்துவிட்ட மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மாதான் சொன்னாங்க. கவுன் சரியா இருக்கு, நீதான் பெருசா இருக்கேன்னு. அம்மாவுக்கு எல்லா அளவும் தெரியும் டீச்சர். அவங்கதான் சாம்பிள் டெய்லர்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். அண்ணியின் கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்து விழுந்தது.

திரும்பி வரும்போது அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நடந்துகொண்டே போனாள். நான் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பொம்மையை எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய போர்வைகளுக்குப் பின்னால் திணித்தாள். வாலு அதைத் தேடவே இல்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். பொம்மை மேல்தான் குற்றம் என்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

மறுநாள் அண்ணி அந்தக் கவுனைப் பட்டறைக்கு எடுத்துப் போய்த் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டாள். வாலுவின் பழைய சட்டையை விரித்து வைத்து அதிலிருந்து புதிதாக வெட்டினாள். தோளிலிருந்து நேராக இறங்குகிற, இடுப்பே இல்லாத கவுன். பொம்மைக்கும் அப்படியே ஒன்று. முதலாளி இரண்டையும் பார்த்துவிட்டு, "இடுப்பு தெரியலைன்னா பொம்மைக்கு என்னம்மா அழகு? பழைய வெட்டே இருக்கட்டும், படத்துக்கு வேற ஒல்லியான பிள்ளையா பார்த்துக்கலாம்" என்றாராம்.

"எலும்புக்கூட்டைக் கொண்டு வந்து நிறுத்தினாலும் அந்த ஜிப் ஏறாது சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அண்ணி. அவர் யோசனையையே மூட்டை கட்டி வைத்துவிட்டார். புதுக் கவுனை அண்ணி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். வாலு அதைத் தொட்டுப் பார்த்தாள், தடவிப் பார்த்தாள்.

"நல்லா இருக்கும்மா."

"போட்டுப் பாரேன் செல்லம்."

"வேணாம். இது அளவு இல்லாதவங்களுக்குத் தச்சது" என்று சொல்லிவிட்டுப் பாடம் எழுதப் போய்விட்டாள். அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அடுத்த விடுமுறை நாள் மத்தியானம் எல்லோரும் வீட்டில் இருந்தோம். அண்ணன் பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். சாப்பாட்டில் வாலு கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டாள். அண்ணி அவளை அறையின் நடுவே கூட்டி வந்து நிறுத்தினாள்.

"இங்க பாரு. அந்தக் கவுனை நான்தான் தப்பா வெட்டினேன்."

"அன்னைக்குச் சரியா இருக்குன்னு சொன்னே."

"அவசரத்துல சொல்லிட்டேன்டி."

"இல்ல. நான் டீச்சர்கிட்ட சொன்னதுல நீ அழுதே. அதான் இப்ப இப்படிச் சொல்றே."

அண்ணி என்னைப் பார்த்தாள். பிள்ளை சொன்னது ஒரு நியாயத்தோடுதான் இருந்தது. அண்ணி விடுவிடுவென்று போய்ச் செய்தித்தாளிலிருந்து ஒரு நீளப் பட்டையைக் கிழித்தாள். டேப்பை வைத்து அளந்து, ஓரத்தை மடித்து, கத்தரித்தாள்.

"உனக்குக் கவுன் வெட்டினேன் இல்ல, அதே கணக்குல எனக்கு வெட்டினா இவ்வளவுதான் என் இடுப்பு. என் உயரத்துக்குப் பொம்மை இடுப்பு. நீயே சுத்திப் பாரு, சேருதான்னு. உங்கம்மா என்ன அளவுன்னு பாரு."

கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் அப்படி அசையாமல் நின்று நான் பார்த்ததில்லை. வாலு காகிதப் பட்டையை அம்மாவின் முதுகுப் பக்கமாகக் கொண்டுபோய் முன்னால் இழுத்தாள். இரண்டு முனைக்கும் நடுவே நல்ல இடைவெளி. நாக்கைத் துருத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தாள். முனைகள் கொஞ்சம் நெருங்கின. வாலு கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, நீ எக்கறே."

"இல்லையே."

"எக்கறே. சேர்ந்துடுமான்னு பார்க்கறே."

அண்ணி குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். உள்ளே ஒட்டிப்போய்த்தான் இருந்தது. சேரக்கூடாது என்று காட்டத்தானே நின்றாள்! அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

"ஆமாடி" என்றாள். "எனக்கே தெரியாம எக்கறேன். கண்ணாடியைப் பார்த்தா எக்கறேன். யாராவது என்னைப் பார்த்தா எக்கறேன். எப்ப ஆரம்பிச்சேன்னே தெரியல. யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னும் தெரியல. உனக்கு இது வந்துடக்கூடாதுடி தங்கம். எனக்குப் பயமா இருக்கு."

வாலு பட்டையின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "விடு" என்றாள்.

அண்ணி விட்டாள். மூச்சும் வயிறும் சேர்ந்து வெளியே வந்தன. காகிதப் பட்டை முதுகுப் பக்கம் கிழிந்தது. வாலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, நீயும்தான்."

நானா? என்னை யார் அளந்தார்கள்? கதவோரம் சும்மா சாய்ந்து நின்றவள். ஆனால் கை வைத்துப் பார்த்தால் என் வயிறும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பொம்மையைப் பற்றி அவ்வளவு பேசியவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. விட்டேன்.

வாலு என் வயிற்றைப் பார்த்தாள், அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சட்டையைத் தூக்கி, இடுப்பிலிருந்த ரிப்பன் முடிச்சை நகத்தால் நெம்பினாள். அது வியர்வையில் இறுகிப்போயிருந்தது.

"அவிழ மாட்டேங்குதும்மா."

பக்கத்தில் கத்தரிக்கோல் கிடந்தது. அண்ணி அதைத் தொடவில்லை. மண்டிபோட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தாள். ரிப்பன் விழுந்ததும் அந்தச் சின்ன வயிறு, வரி வரியான சிவப்போடு, மெதுவாக வெளியே வந்தது. அண்ணி அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளே கடமுடவென்று போட்ட சத்தம் நின்ற இடத்தில் எனக்கே கேட்டது.

"கத்துது" என்றாள் வாலு. "சாப்பிட என்ன இருக்கு?"

அண்ணன் எழுந்து, கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டு, முட்டை உடைக்கப் போனார்.